கறுக்காத கிலுகிலுப்பை

அந்த வீட்டுக்கு நான் போனது ஒரு புகாரைத் தீர்க்கத்தான். என் கையால் செய்து கொடுத்த வெள்ளிக் கிலுகிலுப்பை, எத்தனை துடைத்து வைத்தாலும் ஒரே ராத்திரியில் கரிக்கட்டையாகிவிடுகிறதாம். அதே வெள்ளிக் கட்டியில் செய்த கரண்டிகள் மட்டும் அடுப்படியில் புதுசு போலவே இருக்கின்றனவாம். கலப்படக்காரன் என்று பேர் வந்துவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மாடியில் தெருவைப் பார்த்த அறை. ஜன்னல் திறந்திருந்தும் உள்ளே காற்று அசையவில்லை. தொட்டிலில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் கிலுகிலுப்பை கிடந்தது. புகார் சொன்ன அவன் அம்மா மிகைப்படுத்தவில்லை, கரியேதான்.

"முட்டை கிட்டே வெச்சீங்களாம்மா?"

"இல்லைண்ணா."

"ரப்பர் பேண்டு? கம்பளித் துணி?"

"எதுவும் கிடையாது."

வெள்ளி காரணமில்லாமல் கறுக்காது. காற்றில் இருக்கும் கந்தகத்தை அது தன்மேல் இழுத்துக்கொள்ளும். செம்பு கூடுதலாகச் சேர்ந்தது சீக்கிரம் கறுக்கும். தினமும் புழங்குவது துடைபட்டுத் துடைபட்டு வெளுப்பாகவே இருக்கும், பெட்டியில் தூங்குவது கறுக்கும். சாக்கடை ஓரத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். குழாயெல்லாம் மோந்து பார்த்தேன், ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இவனுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாண்ணா," என்றாள் அந்தத் தாய், குரலை இறக்கி. "இதே ரூம், இதே தொட்டில். தூங்கும்போதே மூச்சு நின்னுடுச்சு. உதடெல்லாம் கறுத்துப்போச்சு. இதுவும் கறுக்கிறதைப் பார்த்தா பயமா இருக்கு. எப்படியாவது வெளுத்துக் கொடுங்க."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். கறுத்ததெல்லாம் பேய் என்று நம்புகிற ஆளும் இல்லை. பால்கனியில் உட்கார்ந்து பளபளவென்று தேய்த்தேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததோடு நிற்காமல் லாக்கர் பூச்சும் அடித்தேன். கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு அது. காய்ந்துவிட்டால் காற்றுகூட வெள்ளியைத் தொட முடியாது.

"இனி ஜென்மத்துக்கும் கறுக்காதும்மா. கறுத்தா என் பேரை மாத்திக்கிறேன்."

அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்தாள். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தி, கிலுகிலுப்பையைப் பழையபடி தலைமாட்டில் வைத்தாள்.

நான் பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே கிலுகிலுப்பை குலுங்கியது. விளையாட்டுச் சத்தமாகத் தெரியவில்லை. பூட்டிய கதவைப் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது.

கூடவே அழுகிய முட்டை நாற்றம்.

"அண்ணா!"

ஓடினேன். குழந்தை வாயைத் திறந்திருந்தான், அழுகை வரவில்லை. உதடு சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவள் அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். நாற்றம் அவள் பின்னாலேயே போனது.

தொட்டிலில் கிலுகிலுப்பை வெள்ளைவெளேரென்று கிடந்தது.

அதன்மேல் நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

அங்கே கையே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அறையில் இருந்தது எதுவோ, அது ஒவ்வொரு ராத்திரியும் வெள்ளிக்குள் போய் அடங்கியிருக்கிறது. குழந்தைக்கு வர வேண்டியதை வெள்ளி இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வழியை என் பூச்சு அடைத்துவிட்டது.

"கறுக்கணும்ணா!" அவளுக்கும் புரிந்துவிட்டது போல, படிக்கட்டிலிருந்து அலறினாள். "அது கறுக்கணும்! ஏதாவது பண்ணுங்க!"

பையைக் கவிழ்த்துக் கொட்டி, பூச்சைக் கரைக்கும் தின்னர் புட்டியைத் தேடி எடுத்தேன். பாதி தரையில் சிந்தியது. மீதியைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். பூச்சு வழவழவென்று நழுவியது, விடுவேனா என்றது. அரத்தால் சுரண்டினேன். வாழ்நாள் முழுக்கக் கறுப்பை விரட்டியவன், 'வந்துடு, இங்கே வந்துடு' என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.

கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சு உரிந்தது.

அந்த இடம் சில்லென்று குளிர்ந்தது. என் கண் முன்னாலேயே கறுத்தது.

கீழே குழந்தை வீறிட்டு அழுதான். அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. தரையிலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.

அவர்கள் அன்றைக்கே அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். கிலுகிலுப்பையை என்னிடம் கொடுத்தாள்.

"இது இருக்கிற இடத்துலதான் அதுவும் இருக்கும். நீங்களே வெச்சுக்கோங்கண்ணா. பிள்ளைகிட்ட வர வேண்டாம்."

அன்றிலிருந்து அது என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. முழுசாகக் கறுத்த வெள்ளிக்கு மேற்கொண்டு இழுக்கத் தெம்பு இருக்காது. அதனால் தினமும் காலையில் துடைத்து வெளுத்து வைப்பேன். மறுநாள் பார்த்தால், சுற்றியிருக்கும் பாத்திரமெல்லாம் வெள்ளையாக இருக்க, அது மட்டும் கரியாக இருக்கும். பட்டறை திறந்ததும் அவள் போன் பண்ணுவாள்.

"கறுத்திருக்காண்ணா?"

"கறுத்திருக்கும்மா. நல்லாவே கறுத்திருக்கு."

அப்பாடா என்று அவள் மூச்சு விடுவது கேட்கும். பின்னால் பிள்ளை மழலை பேசுவதும் கேட்கும். அதற்கப்புறம்தான் எனக்கு வேலை ஓடும்.

இன்று காலையும் துணியோடு போய் அலமாரியைத் திறந்தேன். கிண்ணங்கள் வெள்ளையாக இருக்கின்றன. தட்டுகள் வெள்ளையாக இருக்கின்றன.

கிலுகிலுப்பையும் நேற்று நான் துடைத்து வைத்தபடியே பளபளவென்று இருக்கிறது.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.