வடிகால் வாயில் நட்ட குச்சி

"கையை எடுங்க... எடுங்கன்னு சொல்றேன்ல!"

குழம்புக் கரண்டியும் கையுமாக மழைக்குள் பாய்ந்து வந்தாள் உனைசி. வடிகாலின் வாயருகே குனிந்து, அங்கே நட்டிருந்த குச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். நெடியவன். மஞ்சள் மழைக்கோட்டு. இமைகளில் மழைத்துளி நின்றது... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கரண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

அழகான கண்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"புலா," என்று வணக்கம் சொன்னான் அவன். "அடிக்கிறதா இருந்தா சீக்கிரம் அடிச்சிடுங்க. குழம்பு வீணாப் போகுது."

"யார் நீங்க? மார்க்கெட் ஆபீஸா?"

"இல்லைங்க. பேரு எரோனி. ஓடை கடல்ல சேர்ற இடத்துல குறுக்கே வலை கட்டியிருக்குல்ல... அதுல மாட்டுற குப்பையைப் படகுல போய் அள்றவன். தினம் மூட்டை மூட்டையா அள்ளுவேன். ஒரு வாரமா வலை காலி. நேத்து ரெண்டு பாட்டில், ஒரு செருப்பு... அவ்வளவுதான். வலை கிழிஞ்சிருச்சோன்னு பார்த்தேன். கிழியலை. சரி, மேல என்னதான் நடக்குதுன்னு ஓடையைப் பிடிச்சே நடந்து வந்தேன்."

"வந்து பார்த்தாச்சுல்ல?"

"பார்த்தேன்," என்றான். சிரிப்பு மெல்ல அடங்கியது. "இதை நட்டது நீங்களா?"

நட்டது அவள்தான். சுவா நகரத்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. மார்க்கெட் பின்சந்தில் உனைசியின் சாப்பாட்டுக் கடை... மீனும் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பால் குழம்பும். கடைக்கு நேர் எதிரே வடிகால். சிப்ஸ் பாக்கெட், நூடுல்ஸ் கிண்ணம், பாட்டில் என்று சந்தில் விழுவதெல்லாம் அதன் கம்பிக் கதவில் போய் அடைத்துக்கொள்ளும்; தப்பியது ஓடை வழியாகக் கடலுக்குப் போகும். அடுத்த மழைக்குத் தண்ணீர் திரும்பிக் கடைக்குள் வந்து அடுப்பை அணைக்கும். இன்னொரு முறை வெள்ளம் வந்தால் கடையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று மார்க்கெட் ஆபீஸில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள்.

கெஞ்சிப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். குப்பை போடாதீர் என்று நகராட்சி மாட்டிய போர்டுக்கு அடியிலேயே குப்பை குவிந்தது. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் சதுப்புக் காட்டிலிருந்து ஒரு குச்சியை வெட்டி வந்து, தென்னங்குருத்தைக் கட்டி, வடிகால் வாயில் ஊன்றிவிட்டாள். அவளுடைய தீவில் பாறைத்திட்டில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தால் இப்படித்தான் நடுவார்கள். தடைக்குச்சி. அது நிற்கும்வரை அந்தத் தண்ணீரில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் பாக்கெட்டை எறியக் கை ஓங்கிய பஸ் டிரைவர் ஒருவர் குச்சியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பாக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"போர்டுக்குப் பயப்படாத பய எல்லாம் குச்சிக்குப் பயப்படுறான் பாரு, தங்கச்சி," என்று பக்கத்துக் கடலை வண்டி முன்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். அவரும் அன்றிலிருந்து கடலைத் தோலை வாளியில்தான் கொட்டினார்.

"ஆமா, நான்தான் நட்டேன்," என்றாள் இப்போது. "அதுக்கென்ன?"

"இந்த ஓடையிலிருந்து பாறைத்திட்டு வரைக்கும் தண்ணிக்குத் தடை போடுற உரிமை வுனிவாவு ஊருக்குத்தாங்க. எங்க ஊரு. எங்க அப்பாதான் அங்க மீன்பிடித் தலைவர். அவரைக் கேட்டீங்களா?"

"ஓஹோ... தண்ணி உங்களதா? அப்ப அதுல வர்ற குப்பையும் உங்களதுதானே? எடுத்துட்டுப் போங்க!"

"எடுத்துட்டுத்தாங்க போறேன். தினமும்."

முன்சாமி கடலை வறுப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா காதுக்கு இது போயிடுச்சுன்னா ஊரே கிளம்பி வந்துடும்," என்றான் எரோனி. "அதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பெரியவரோட, முறைப்படி ஒரு கட்டு காவா வேர் காணிக்கையா எடுத்துட்டு வந்து, ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு."

"தப்பா? அள்ளவேண்டிய குப்பையைக் குறைச்சுக் கொடுத்தவ வந்து உங்க காலடியில உட்காரணுமா? போங்க சார், மழை பெருசா வருது."

போனான். ஆனால் மறுநாள் மத்தியானம் வந்தான். குச்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. மீன் குழம்பு வாங்கி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அதற்கு மறுநாளும் வந்தான்.

"படகுக்காரருக்குக் கடல்ல மீனே கிடைக்கலையா?"

"கிடைக்குது. தேங்காய்ப்பால்ல நீந்துற மீன் இங்கதான் கிடைக்குது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் தட்டில் மட்டும் கிழங்கு ஒரு துண்டு கூட விழுந்தது. கை தவறித்தான் விழுந்தது... தினமும் தவறியது.

வெள்ளிக்கிழமை வந்தபோது அவன் சாப்பிட உட்காரவில்லை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு ஆளுங்களோட வந்து பிடுங்குறதா இருக்கார். சந்து முழுக்கப் பார்க்க, உங்களுக்குத்தான் அவமானம். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகலை. நானே கூட்டிட்டுப் போறேன், உனைசி..."

பேர் சொல்லி அவன் அழைத்தது அதுதான் முதல் தடவை. வேறு நேரமாக இருந்தால் இனித்திருக்கும். இவ்வளவு நாள் சாப்பிட வந்ததெல்லாம் இதற்குத்தானா... என்ற நினைப்பு அவள் தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று போய்க் குச்சியைப் பிடுங்கினாள். சேறு சொட்டச் சொட்ட அவன் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, உங்க தண்ணி. கொண்டுபோய் அப்பாகிட்ட கொடுத்து நல்ல பேர் வாங்கிக்குங்க."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கடைக்குள் போய் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அடுப்பில் புகை ஒன்றும் இல்லை. கண் மட்டும் எரிந்தது.

சனிக்கிழமை சந்தைக் கூட்டம். குச்சி இல்லாத வடிகாலைச் சந்து ஒரே நொடியில் கண்டுகொண்டது. ஒரு பாக்கெட் விழுந்தது. அதைப் பார்த்து ஒரு பாட்டில். மத்தியானத்துக்குள் கம்பிக் கதவு தெரியவில்லை. பிறகு வானம் இருண்டு, மழை இறங்கியது.

தண்ணீர் சந்தில் ஏறியது. கடைப்படியைத் தொட்டது. உனைசி முட்டி போட்டு வடிகாலுக்குள் தோள் வரை கையை விட்டு இழுத்தாள். இரண்டு பையை இழுத்தால் நான்கு வந்து ஒட்டியது. இன்னும் அரை அடி ஏறினால் அடுப்பு... அப்புறம் கடை... அப்புறம் தீவுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். அழுதால்கூட மழையில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்து, அழுதாள்.

"நகரு... கொஞ்சம் நகரு!"

எரோனி. கையில் படகுக் கொக்கி. மூச்சு வாங்கியது, கடற்கரையிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். அவள் பக்கத்தில் சேற்றிலேயே குப்புறப் படுத்தான். கொக்கியை விட்டு நெம்பினான். உள்ளே என்னவோ அசைந்தது. இரண்டு பேரும் கையை விட்டு ஒன்றாகப் பிடித்து இழுத்தார்கள். கறுத்த தண்ணீருக்கு அடியில் பையைத் தேடிய அவள் விரல்களுக்கு அவன் விரல்கள் அகப்பட்டன... ஒரு கணம் இருவரும் எதையும் இழுக்கவில்லை.

"பாட்டிலைப் பிடிச்சிட்டேன்," என்றான் மெதுவாக.

"அது என் கை."

"தெரியும்."

"தெரிஞ்சா விடுங்க. வெள்ளம்!"

விட்டான். அடைப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. சுழித்துக்கொண்டு தண்ணீர் இறங்கியது. அடுப்புக்கு நாலு விரல் கீழே வந்து வெள்ளம் திரும்பிப் போனது.

படியில் உட்கார்ந்தார்கள். முன்சாமி ஆளுக்கொரு பொட்டலம் சூடான கடலை கொடுத்துவிட்டு, மரியாதையாக முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"உங்க அப்பா ஏன் வரலை?"

"நேத்தே குச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். வாங்கி வச்சுக்கிட்டார். பேசலை." கடலையை உரித்தான். தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "உன் சாப்பாட்டுக்குத்தான் வந்தேன். குச்சிக்காக இல்லை. அதை நேத்து முதல்ல சொல்லியிருக்கணும்."

அவளுக்கு அன்று முழுக்க ஒரே யோசனை. தன் தீவில், தன் ஊர்ப் பாறைத்திட்டில், எங்கிருந்தோ வந்த ஒருத்தி குச்சி நட்டிருந்தால்... அப்பா என்ன செய்திருப்பார்? படகோடு தூக்கி எறிந்திருப்பார். நல்லதுக்கு நட்டேன் என்றால் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். தான் செய்தது தப்புதான். அதை அவன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததுதான் வலித்தது.

திங்கட்கிழமை கடையை மூடிவிட்டுத் தன் மாமா வைசாக்கேயோடு வுனிவாவுக்குப் போனாள். வைசாக்கே பஸ் ஓட்டுகிறவர். பேசவே தெரியாதவர். காவா வேர்க் கட்டை முன்னால் வைத்து, தலை குனிந்து, "எங்க பொண்ணு உங்க தண்ணியில கேக்காம குச்சி நட்டுட்டா. மன்னிச்சுக்குங்க," என்று பாதையில் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பாயின் எதிர்முனையில் எரோனியின் தந்தை இலைத்தியா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கதவோரத்தில் எரோனி. அவன் கண்கள் பாயைவிட்டு மேலே வரவே இல்லை. வேர்க் கட்டை அவர் தொடாவிட்டால் மன்னிக்கவில்லை என்று அர்த்தம், இனி இந்தப் பக்கம் தலை வைக்க முடியாது. குச்சியும் போகும்... அவனும்தான். இரண்டில் எதற்குத் தன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று உனைசி தன்னையே கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்விதான்.

கிழவர் கையை நீட்டினார். கட்டைத் தொட்டார். சுற்றியிருந்தவர்கள் குவித்த கைகளால் மெல்லத் தட்டினார்கள்.

"கோபம் உன்மேல இல்லம்மா," என்றார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க சேத்துல சிப்பி தோண்டப் போனா பாட்டில் மூடிதான் அகப்படுது. வருஷக்கணக்காப் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். தடை போடவேண்டியவன் நான். போட்டது நீ. அந்த வெட்கம்தான் கோபமா வந்துச்சு."

புதன்கிழமை அவரே சந்துக்கு வந்தார். சடங்குக்குரிய பொன்னிற மரப்பட்டைத் துணி இடுப்பில், பின்னால் நாலு பேர். வடிகால் வாயில் புதுக் குச்சியை ஊன்றினார்கள். மழைக்காலம் முடியும்வரை இந்த வடிகாலிலும் ஓடையிலும் எதுவும் விழக் கூடாது என்று உரக்கச் சொன்னார்கள். சந்தே வாயைப் பொத்திக்கொண்டு நின்று கேட்டது. மார்க்கெட் ஆபீஸ்காரர்கூட வாயிலிருந்த சூயிங்கத்தை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழுங்கினார்.

எல்லோரும் போனார்கள். எரோனி மட்டும் போகவில்லை.

தூறல் போட்டது. கடைவாசலில் வந்து நின்றான். முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தான். சின்னக் குச்சி. நுனியில் தென்னங்குருத்து, கொஞ்சம் கோணலாகக் கட்டியது.

"இது எதுக்கு?" என்றாள்.

"ஒரு இடத்துல நடணும். வேற எவனும் அந்தப் பக்கம் வலை வீசக் கூடாது. ஆனா..." குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்த இடம் எங்க ஊருக்குச் சொந்தமில்லை. எங்க அப்பாவுக்கு உரிமை இல்லை. எனக்கும் இல்லை. அதான் கேக்காம நடக் கூடாதுன்னு வந்து நிக்கிறேன். எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, உனைசி. அன்னிக்குக் கரண்டியோட ஓடி வந்தியே... அப்பவே."

இமையில் மழைத்துளி அன்று போலவே நின்றது. அவள் கையை நீட்டி அதைத் துடைத்துவிட்டாள்.

"காவா வேர் எங்க?"

"ஆங்?"

"வெறுங்கையோட வந்தா எப்படி? என் அப்பா தீவுல இருக்கார். ஒரு கட்டு வாங்கிட்டு, உங்க அப்பாவையும் கூட்டிட்டு, கப்பல் ஏறு. முறைப்படி கேளு." குச்சியை அவன் கையிலிருந்து வாங்கினாள். "நீ திரும்பி வர்ற வரைக்கும் இது..."

குனிந்து, பெஞ்சின் ஓரத்தில், அவன் தினமும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் அதைத் தானே ஊன்றினாள்.

"என் கடை. என் இடம். எனக்கு உரிமை இருக்கு," என்றாள்.