ஃபிராங்க்ளினின் இடது கை

மர்பி டவுனில் ஃபிராங்க்ளின் வீட்டுக்கு விஜி முதன்முதலாகப் போன மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன அவர், தன் வீட்டிலேயே தனியாக வாழப் பழக உதவுவதுதான் அவள் வேலை. எதையும் செய்துகொடுக்கக் கூடாது. அவரே செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பழகாவிட்டால் காப்பகம்தான்.

கணவன் ரவிக்குமார் இறந்துபோனதிலிருந்து விஜிக்கு எதுவும் உறைப்பதில்லை. சும்மா நிற்பது சுலபமாக இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் இடது கையால் டீ போட்டார். சட்டையின் முதல் பட்டனை மாட்டியபோது சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

அடுத்த முறை போனபோது எல்லாப் பட்டன்களும் கழுத்துவரை மாட்டியிருந்தன. தலை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது.

"நீங்களே வாருனீங்களா அண்ணா?"

"இல்ல சிஸ்டர்." அவர் குரல் தாழ்ந்தது. "அது வாருது. பின்னாடி நின்னு."

"எது?"

"தெரியல. நான் கையத் தூக்குனா புடிச்சு மடியில வெச்சிடுது. மெதுவாத்தான். இப்ப இந்தக் கையும் வரமாட்டேங்குது."

விஜி அந்த இடது கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. மணிக்கட்டில், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல விரல் தடங்கள்.

"வாங்க, டீ போடலாம். எழுந்திருங்க."

அவர் எழ முயன்றார்.

தோள் கீழே அழுந்தியது.

விஜிக்குப் பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய நேரம் என்பது மட்டும் தெரிந்தது. அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள்.

"அவர விடு."

அந்தப் பக்கமும் இழுத்தது.

பிறகு, அவளைப் பார்த்து ஏதோ யோசித்ததுபோல, விட்டுவிட்டது.

அன்றே ஆட்டோ பிடித்து, ஜோகுபாளையத்தில் அவர் தம்பி டேரிலின் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். சில நாள் கழித்து டேரில் போன் செய்தான்.

"அண்ணன் இன்னிக்கு அவரே சட்ட போட்டுக்கிட்டாரு சிஸ்டர். அது இங்க வரலியாம்."

"சந்தோஷம்ங்க," என்றாள். சொல் மட்டும்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஜி தன் வீட்டில் தட்டில் சோறும் சாம்பாரும் போட்டு வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது சோறு பிசைந்திருந்தது.

ஓரத்தில் ஒரு கவளம், உருட்டி வைத்திருந்தது.

விஜி உட்கார்ந்தாள். கவளம் தட்டைவிட்டு எழும்பி, அவள் உதட்டருகே வந்து நின்றது.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். பசியாகவும் இருந்தது.

வாயைத் திறந்தாள்.