மூட்டையின் கழுத்தில் ஒரு சிலேட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இன்றே உதிர்ந்து விழட்டும். காதால் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

லாயக்காரரின் மகளை எல்லாரும் வாலு என்பார்கள். அவளுடைய மட்டக்குதிரையின் பெயர் மூட்டை. மூன்று சேண வார்களை ஒன்றாகத் தைத்தால்தான் அதன் வயிற்றைச் சுற்றி வரும். வெயிலில் அதன் நிழலில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள்.

ஒருநாள் மூட்டை ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. கால்நடை டாக்டர் குளம்பைத் தொட்டார். கொதித்தது.

“கொழுப்பும் இனிப்பும் சேந்து உடம்பையே கெடுத்துடுச்சு. அதான் குளம்புக்குள்ள வீக்கம். இப்படியே தின்னா இனிமே நடக்கவே நடக்காது” என்றார் டாக்டர். காய்ந்த புல்லை நீரில் ஊறவைத்து அளந்து போடச் சொன்னார். பட்டினி மட்டும் கூடாதாம்.

யார் யார் என்னென்ன கொடுத்தீர்கள் என்று வாலு எல்லாரையும் கேட்டாள். அளந்துதானே போடுகிறோம் என்று அப்பா சாதித்தார். தெருவின் ரொட்டிக்காரரும் தையல்காரரும் அவளுடைய அக்காவும், தாங்கள் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் என்றார்கள். மூட்டையோ நான்கு நாள் பட்டினி கிடந்த முகத்தோடு நின்றது. அந்த முகத்தின் மேல்தான் வாலுவுக்குச் சந்தேகம்.

அதன் கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டாள். “நேத்து குடுத்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு போடுங்க.”

ரொட்டித் துண்டு, சர்க்கரைக் கட்டி, ஆப்பிள் என்று தெருவே வரிசையில் நின்றது. சிலேட்டு நிறைந்து, கோடுகள் லாயச் சுவரில் ஏறி, பக்கத்து வீட்டுச் சுவருக்கும் போயின. கடைசியாக அப்பா ஒரு கோடு போட்டார். திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் போட்டார்.

“அது எதுக்குப்பா?”

“அது நீ பாக்காதப்ப குடுத்ததும்மா.”

அன்றிலிருந்து பாசம் பொங்கினால் தீனிக்குப் பதில் தூரிகை. தேய்த்துவிட்டுப் போகலாம். மூட்டை மூன்று நாள் வாலுவுக்கு முதுகைக் காட்டியே நின்றது. அவளும் முதுகையே தேய்த்தாள். குளம்பின் சூடு தணிந்த பிறகு, டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்ல நடக்கவிட்டாள்.

நான்காம் மாதம் மூட்டை ரொட்டிக்காரரின் சைக்கிளை முந்தியது. வேலியைத் தாண்டியது. திரும்பி வந்து, போதாதென்று மறுபடியும் தாண்டியது. எட்டுப் பிள்ளைகளும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

டாக்டர் அதன் விலாவைத் தடவினார். “கொழுப்பு கரைஞ்சு எலும்பு கைக்குத் தட்டுப்படுது. ஜெயிச்சிட்டே, வாலு.”

இவ்வளவையும் எனக்குச் சொன்னது மூட்டைதான்.