சொரோக்கின் ஐயாவின் மகன்

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற சௌந்திரத்தின் சூரமங்கலம் வீட்டுக்குள் அமுதவல்லி நுழைந்தபோது காலை மணி பதினொன்று. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் குற்றவியல் பாடம் நடத்துகிறவள்.

“மூணு மணிக்கு விசாரணைங்கம்மா. திருடின்னு எழுதி அனுப்பிட்டா அப்புறம் எந்தக் காலேஜும் என்னை உள்ள உடாது.”

“எதைத் திருடுன, சாமி?”

“ஒரு ரஷ்யாக்காரரோட வாழ்க்கையைங்க.”

மாதேஷ் துள்ளி எழுந்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலை மறந்து சௌந்திரத்தின் பின்னால் துப்புத் துலக்கித் திரிகிறவன்.

சரத்தோவ் நகரப் பேராசிரியர் க்ளெப் அந்த்ரேயெவிச் சொரோக்கின், ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே ஆதாரமாகாது என்று நாற்பது ஆண்டுகள் கற்பித்தவர். அதையே ஒரு கொலை வழக்கில் சாட்சியாக நின்று சொன்னதால் துறைத் தலைவர் பதவியை இழந்தவர். அவருடன் இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதிப் பழகி, அவர் வரலாற்றைத் தமிழில் எழுதியிருந்தாள் அமுதவல்லி. போன மாதம் அவர் இறந்துவிட்டார். இந்தத் திங்கட்கிழமை, இறப்பதற்கு முன் அவர் எழுதியதாக ஒரு ஆங்கிலக் கடிதம் கல்லூரித் தாளாளரிடம் வந்தது.

சௌந்திரம் கடிதத்தின் நகலைப் படித்தார். “‘என் தந்தை சொரோக்கினின் நினைவாக நான் எழுதி வைத்திருந்ததை இந்தப் பெண் திருடிவிட்டாள்.’ உறை எங்க?”

“கேட்டேனுங்க. தாளாளர் தூக்கிப் போட்டுட்டாராம்.”

“உனக்கு ஆகாதவங்க?”

“சிவபிரகாஷ் சாருக்குத் துறைத் தலைவர் பதவி வேணும். ஆறு வருசம் ரஷ்யாவுல படிச்சவரு. தாளாளரு என் புத்தகத்துல தன் பேரை முதல்ல போடச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன்.”

“சிவபிரகாஷேதான் அக்கா! ரஷ்யா தெரிஞ்ச ஆளு!” என்றான் மாதேஷ்.

“மொதல்ல வண்டிய எடு.”

கல்லூரி வாசலில் இரங்கல் பேனர். போன வெள்ளிக்கிழமையே கட்டியது என்றார் காவலாளி. கால் பங்கில் இறந்தவர். முக்கால் பங்கில் கைகூப்பிச் சிரிக்கும் தாளாளர், கல்விக் காவலர் டாக்டர் ஜெகதீஸ்வரன். கீழே: ‘சொரோக்கின் ஐயாவின் தவப்புதல்வர், பேராசிரியர் எஸ். க்ளெப் அவர்களுக்கு அஞ்சலி.’

“வாசகம் ஆருதுங்க?” என்று கேட்டார் சௌந்திரம்.

“தாளாளரய்யாவே எழுதுவாருங்க. வேற ஆரு எழுதுனாலும் அவருக்குப் பத்தாது.”

மூன்று மணிக்கு, நீக்க உத்தரவு மேசையில் தயாராக இருந்தது. அதன் பின்னால் தாளாளர், பக்கத்தில் சிவபிரகாஷ்; அமுதவல்லிக்குத் துணையாகச் சௌந்திரமும் மாதேஷும் உள்ளே வந்தார்கள்.

“ஒரே கேள்விங்க,” என்றார் சௌந்திரம். “அந்தப் பேராசிரியரோட அப்பா பேரு என்ன? சிவபிரகாஷ், நீங்க சொல்லுங்க.”

“அந்த்ரேய். அந்த்ரேயெவிச்னா அந்த்ரேயோட பையன்னு அர்த்தம். சொரோக்கின் குடும்பப் பேரு.”

“தாளாளரய்யா?”

“சொரோக்கின்! கடிதத்துலயே இருக்குதே!”

“கடிதம் திங்கக்கெழம வந்தது. அதுக்கு முன்னாடி வெள்ளிக்கெழம கட்டுன பேனர்லயும் அதேதான் இருக்குது.”

மாதேஷ் சிவபிரகாஷிடமிருந்து பார்வையை மெல்லத் தாளாளர் பக்கம் திருப்பினான்.

“பாஸ்போர்ட்டுல குடும்பப் பேரு கேட்டா நம்மாளுங்க அப்பன் பேரை எழுதுவாங்க. அந்தப் பழக்கத்துல அவரு குடும்பப் பேரை அப்பன் பேராக்கி, எஸ்ஸுன்னு இனிஷியலும் போட்டுட்டீங்க. கடிதத்த அந்தப் பேராசிரியரே எழுதியிருந்தா, பெத்த அப்பன் பேரு அவருக்குத் தெரியாதா? ரஷ்யாவுல படிச்சவரும் இப்படித் தப்பு பண்ண மாட்டாரு. புத்தகம் எழுதுன புள்ளையும் பண்ணாது. புத்தக அட்டையில க்ளெப் சொரோக்கின்ங்கறதை மட்டும் பார்த்தவரு பண்ணுவாரு. கடிதமும் உறையில்லாம உங்க கையிலதான் மொளச்சிருக்குது.”

ஜெகதீஸ்வரன் தண்ணீர் குடித்தார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்தார். “சரி, போகட்டும். மன்னிச்சு உட்டுட்டேன். நீங்க வேலையில இருங்கம்மா.”

அமுதவல்லி நீக்க உத்தரவைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவர் முன் நகர்த்தினாள்.

“கடிதம் பொய், அதை எழுதுனவன் நான்தான்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க. இல்லைன்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேனுங்க.”

வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் ‘கல்விக் காவலர் டாக்டர்’ என்று பேனா தானாக ஓடியது.

அவள் அதை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

“பேரு மட்டும் போதுமுங்க.”