பதினைந்து நிமிடமும் கொசுறும்

"எனக்குப் பாராட்டு விழாவா? ஒண்ணும் வேண்டாம்!"

டாக்டர் அத்தை சொன்ன வேகத்தில், மன்றத் தலைவர் கையிலிருந்த டீயில் பாதி மேசைக்குப் போய்விட்டது.

அத்தை பல் டாக்டர். பகலில் பல் பிடுங்குவார். மாலையில் சிறுவர் நாடக மன்றத்துக்கு வந்துவிடுவார். பதினொரு வருடமாக மன்றக் குழுவில் இருக்கிறார். சம்பளம் கிடையாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது வசனத்தை மறந்தால் கிசுகிசுப்பார். அது மேடையில் நிற்பவருக்குக் கேட்கும், முதல் வரிசைக்குக் கேட்காது. அப்படி ஒரு தொண்டை!

இப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை. அடுத்த வாரம் கிளம்புகிறார்.

"கேடயம் குடுத்தா அதைத் துடைக்க ஆள் தேடணும். பேச்சுன்னா எனக்குத் தூக்கம் வரும். சனிக்கிழமை நாடகத்துக்கு வருவேன், என் முக்காலியில உக்காருவேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டார்.

"இவங்ககிட்ட இனிமே யார் பேசுறது?" என்றார் தலைவர், மேசையைத் துடைத்தபடி.

"நான் பேசுறேன்" என்றாள் மிளகு.

மிளகு ஐந்தாம் வகுப்பு. ஆள் சின்னது, காரம் அதிகம், அதனால்தான் அந்தப் பெயர். அவள் அப்பாவுக்குப் பொத்தான் கடை. தவழும் வயதிலிருந்தே பேரம் கேட்டு வளர்ந்தவள்.

அவள் மனத்தில் இருந்தது ஒரே ஒரு ஆசைதான். அத்தை இருபத்திரண்டு நாடகத்தில் உழைத்திருக்கிறார். ஒன்றைக்கூட முன்னாலிருந்து பார்த்ததில்லை. முக்காலியிலிருந்து தெரிவதெல்லாம் நடிப்பவர்களின் முதுகுதான். இந்த ஒரு தடவையாவது அத்தை அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் நேராகக் கேட்டால் நடக்காது. அது பொத்தான் கடைக்காரர் மகளுக்குத் தெரியாதா?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அத்தையின் மருத்துவமனைக்குப் போய், அந்தப் பெரிய சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆ காட்டு" என்றார் அத்தை.

"பல்லுக்கு வரல அத்தை, பேரத்துக்கு வந்தேன். ஒன்பது பேச்சு, ரெண்டு கேடயம், ஆளுயரத்துக்கு உங்க படம், அப்புறம் பேண்டு வாத்தியம்!"

"பேண்டு வாத்தியமா! ஏண்டி, எனக்கென்ன கல்யாணமா?"

"சரி, உங்களுக்காக வாத்தியத்தை விட்டுடறேன்."

"எதுவுமே வேண்டாங்கிறேன்."

"படத்தையும் விட்டுடறேன். அஞ்சு பேச்சு, ஒரு கேடயம். இதுக்கு மேல எங்களுக்குக் கட்டுப்படியாகாது அத்தை."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஒண்ணும் கிடையாது. போ."

மிளகு இறங்கினாள். வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"பேச்சு வேண்டாம், கேடயம் வேண்டாம். முன்வரிசையில ஒரு நாற்காலி. பதினஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க. இதுதான் கடைசி விலை."

அத்தை கையுறையைக் கழற்றி வைத்தார்.

"நான் அங்க உக்காந்தா வசனம் யாரு எடுத்துக் குடுப்பா?"

"யாரும் வேண்டாம். நாங்களே பாத்துக்குவோம்."

"போன வருஷம் நீ மரமா நடிச்சே. ஒரே ஒரு வரி. அதையும் மறந்தே."

மிளகுக்குக் காது சூடானது. "இந்த வருஷம் நான் மந்திரி. மறக்க மாட்டேன். ஆனா மறந்தாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"பல் டாக்டர்கிட்டயே வாயைத் திறக்காதேங்கிறியா? சரி, பதினஞ்சு நிமிஷம்தான். அப்புறம் என் முக்காலிக்குப் போயிடுவேன்."

செய்தி கேட்டதும் ராஜா வேடக்காரன் அலறினான். எல்லாரும் அவனைக் கும்பகர்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அத்தை இல்லாமலா? அவங்க சொன்னாத்தான் எனக்கு என் பேரே ஞாபகம் வரும்!"

"அஞ்சு நாள் இருக்கு. இனிமே யாரும் தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது" என்றாள் மிளகு.

மாடிப்படியில், குளியலறையில், பேருந்தில் என்று எல்லா இடத்திலும் வசனம் ஓடியது. பேருந்தில் கும்பகர்ணன் "யாரங்கே!" என்று கத்த, "நான்தாம்ப்பா. டிக்கெட் எடு" என்றார் நடத்துநர்.

சனிக்கிழமை வந்தது. அத்தை முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். திரை விலகியது.

பத்தாவது நிமிடம். "மந்திரியே, நம் குதிரைகள் எங்கே?" என்று ராஜா சரியாகவே கேட்டான்.

மந்திரிக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

பழக்கத்தில் மிளகு திரைப்பக்கம் பார்த்தாள். முக்காலி காலியாக இருந்தது. முன்வரிசையைப் பார்த்தாள். அத்தையின் உதடு பாதி திறந்துவிட்டது! உடனே தன் கையாலேயே தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். கண்கள் மட்டும் உருண்டன.

அவங்க பேரத்தைக் காப்பாத்துறாங்க. நான்?

மிளகு மூச்சை இழுத்தாள். இந்த வரியை எங்கே படித்தோம்? மாடிப்படியில்... ஆறாவது படியில்...

"குதிரைகள் தூங்குகின்றன, அரசே! அவற்றை எழுப்புவது குதிரைக்காரன் வேலை. குதிரைக்காரனை எழுப்புவது யார் வேலை?"

அரங்கமே சிரித்தது. அதிலும் முன்வரிசையிலிருந்து வந்த சிரிப்புதான் பெரிது.

நாடகம் முடிந்ததும் அத்தை எழுந்து நின்று கைதட்டினார். பை மடியிலிருந்து விழுந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. மிளகு மந்திரியின் தாடியோடு மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

"அத்தை! பதினஞ்சு நிமிஷம்தானே பேசினோம்? முழுசா நாப்பது நிமிஷம் உக்காந்துட்டீங்க!"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தாடியைச் செல்லமாக இழுத்தார்.

"மீதி கொசுறுடி. பொத்தான் கடைக்காரர் பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?"