மூச்சுக் குழாய்

சொம்புத் தண்ணீர் நடுங்கியதில் சம்பத்துக்குப் பயமில்லை. ஒழுங்காக நடுங்கியதில்தான் பயம். ஒரு சிலிர்ப்பு, ஏழு எண்ணும்வரை அமைதி, மறுபடி ஒரு சிலிர்ப்பு.

அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் எங்கோ வடக்கே பூமி புரண்டதில், வானகரத்துச் சுவர்களிலும் விரிசல் ஓடியிருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு தரையில் ததும்பத் ததும்ப ஒரு சொம்பு. தண்ணீர் சிந்தினால் ஓட வேண்டும். எதிர்வீட்டு நாகம்மாள் மட்டும் அண்டாவே வைத்தாள், பெரிய ஆட்டத்துக்கு இருக்கட்டும் என்று. பிறகு தெருவே ஏரிக்கரைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. சம்பத்தால் போக முடியவில்லை. இரண்டு வயது மகளுக்கு அம்மை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வாசல் தாண்டக் கூடாது.

விளக்கு வைக்கும் நேரம். மனைவி தாட்சாயிணி வேப்பிலை பறிக்கப் போயிருந்தாள். விட்டத்தில் கட்டிய தூளிக்குள் குழந்தையின் மூச்சு கரகரத்தது. வேப்பிலை வாசனைக்கு அடியில், இந்தக் கோடையிலும், பாசி பிடித்த ஈர வாசனை.

வீடு நிற்பது தூர்த்த கிணற்றின் மேல். தூர்த்த கொத்தனார் கன்னியப்பன், கிணறு மூச்சு விடட்டும் என்று ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் வாயை வீட்டுத் தரைக்கு மேல் விட்டிருந்தார். கால் தடுக்குகிறதென்று போன மாதம்தான் சம்பத் அதை சிமெண்டால் அடைத்தான். இன்று காலையில் விரிசல் பார்க்க வந்த கன்னியப்பன் அதைத்தான் பார்த்தார்.

“இன்னாத்துக்கு நைனா அடச்ச?”

“கெணத்துக்கு இன்னா அண்ணாத்தே, சளியா புட்ச்சிகினுகீது?”

அவர் சிரிக்கவில்லை. “பொழுதோட ஒடச்சி உடு.”

இப்போது ஏழு எண்ணிக்கை ஐந்தானது. மூன்றானது. சொம்பின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அம்மை. ஓட முடியாது.

கடப்பாரையை எடுத்தான். மூன்று குத்து. சிமெண்ட் உதிர்ந்தது.

குப்பென்று கெட்ட காற்று வெளியே வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வரவில்லை.

அகல் சுடர் சாய்ந்தது. குழாய்ப் பக்கம்.

தரையில் கிடந்த வேப்பிலைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வரிசையாக. உள்ளே போயின.

சொம்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. சம்பத் எண்ணினான். ஏழு. எட்டு. இருபது. கிணறு மூச்சை விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது.

தூளி குழாய்ப் பக்கம் சாய்ந்தது. திரும்ப ஆடாமல் சாய்ந்தபடியே நின்றது. அதற்குள் கரகரப்பு இல்லை.

குழாய்க்குள் கேட்டது.