பழைய கூண்டு

வண்டிக்காரர் தையல் மெஷினை இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகுதான் அவள் வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல வீடுதான். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வாசலைத் தாண்டியதும் ஈரக் கூந்தலின் வாசனை வந்தது, யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தாற்போல.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேற வீடு பார்த்துக்கலாமா?"

"இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?" என்றான். அதோடு சரி. இரண்டாம் தாரமாக வருகிறவள் எத்தனை தடவைதான் கேட்பாள்?

சமையலறை ஜன்னலோரம் ஒரு கூண்டு. உள்ளே ஒற்றைப் பச்சைப் பறவை, கம்பியில் கட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டவைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது.

"லவ் பேர்ட்ஸ். செத்துப்போனவ வளர்த்தது," என்றாள் நாத்தனார். "அவ செத்த அதே வாரம் ஜோடியில ஒண்ணும் போயிடுச்சு. பறவைக் கடைக்காரர்தான் கண்ணாடி மாட்டச் சொன்னார். ஜோடி பக்கத்துலயே இருக்குன்னு நினைச்சு ஒழுங்கா தின்னுது பாரு."

"பாவம் அக்கா, ஏமாத்துறோமே."

"அதுக்கு ஒரு கண்ணாடி. என் தம்பிக்கு நீ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது முள்ளாகத் தைத்தது.

பத்து நாளாயிற்று. கணவன் அவள் முகத்தை ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றுகொள்வான். தலை வாரி முடித்த பிறகும் நகரமாட்டான். உதடு முணுமுணுக்கும்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

தனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, அந்தப் பறவைக்காவது உயிருள்ள துணை கிடைக்கட்டும் என்று கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு மஞ்சள் பறவையை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

"பழைய கூண்டுல நேரா விட்டுடாதீங்கம்மா. அது அங்க இருக்கிறதோட வீடு. புதுக் கூண்டு ஒண்ணு வாங்கி, ரெண்டையும் சேர்த்து அதுல விடுங்க. இல்லேன்னா வந்ததை விடாது. கால்விரலைத்தான் முதல்ல கடிக்கும்."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள்.

"இந்தக் கூண்டுக்கு என்ன குறைச்சல்?" என்று கணவன் பெட்டியை வாங்கி, கூண்டுக் கதவைத் திறந்து, மஞ்சளை உள்ளே தட்டிவிட்டான்.

மறுநாள் காலை மஞ்சள் பறவை கூண்டின் தரையில் கிடந்தது.

காலில் ஒரு விரல்கூட மிச்சமில்லை.

பச்சை, இருந்த இடத்திலேயே கண்ணாடியில் கன்னம் வைத்து உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்து அதன் அலகைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

கண்ணாடிக்குள் இருந்ததன் அலகில்தான் ரத்தம்.

பின்வாங்கினாள். காலில் சுரீர் என்றது. குனிந்தாள். வலது காலின் சுண்டுவிரல் நுனி பிய்ந்திருந்தது. படுக்கையறையிலிருந்து அவள் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்புப் பொட்டுகள்.

நொண்டிக்கொண்டே படுக்கையறை வாசலுக்குப் போனாள். அங்கே ஈரக் கூந்தலின் வாசனை மூச்சை முட்டியது. கணவன் பீரோக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி, கண்ணை மூடி நின்றிருந்தான்.

"என்னங்க," என்றாள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். வேற வீடு பார்த்துடலாம்."

அவன் திரும்பவில்லை. உதடும் அசையவில்லை.

நாத்தனார் பால் வாங்கப் போயிருந்தாள். வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை.

"இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?" என்றது ஒரு பெண்குரல்.